அத்திப்பள்ளி டவர்

ஜூஜூவாடியில் என் செல்போன் கடைக்கு வருகிறவர்களில் என்னை அதிகம் கடுப்பேற்றியவன் முத்துமணிதான். அவனும் வாங்க மாட்டான், வாங்க வந்தவனையும் விட மாட்டான். "இதுக்கு எதுக்குங்க புது போனு, ஒரு ரூல் எழுதுனா போதும்" என்று என் கண் முன்னாலேயே ஆளைத் திருப்பி அனுப்புவான். இது நடந்தால் இதைச் செய் என்று ஒரு ஆப்பில் எழுதிவைத்தால் போன் தானாகவே செய்யும், அவ்வளவுதான் அந்த வித்தை. கம்பெனி கேட்டில் நுழைந்தால் சத்தம் அடங்கும், ஷிப்ட் மாறினால் அலாரம் மாறும். சிப்காட்டில் மெயின்டெனன்ஸ் வேலை பார்க்கும் ஐடிஐக்காரன். அவனோடு வேலை செய்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் போனில் அவன் எழுதிய ரூல்தான் ஓடியது.

அவன் அப்பா பரமசிவம், அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் உழைத்தார். மில் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. வயதான பிறகு அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கியது. மனைவி செத்ததை மறந்தார். ஒருநாள் ஊருக்குப் போகிறேன் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். மகன் கம்பெனிக்குப் போய்விடுவான். மருமகள் ராஜலட்சுமி மதியம்வரை ரோஜாப்பூ பேக்கிங் வேலைக்குப் போவாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் சொன்னேன். முத்துமணிக்கு வந்ததே கோபம்.

"எங்கப்பாவ மாடு மாதிரி உள்ள வச்சுப் பூட்டச் சொல்றீங்களா, கரீம் பாய்?"

அன்றைக்குத்தான் என் கடையில் முதல்முறையாக ஒரு போன் வாங்கினான், அதுவும் பழசு. அதை அப்பாவின் சட்டைப் பையில் வைத்து ஊக்குக் குத்திவிட்டான். வீட்டுப் பக்கத்து டவரை விட்டு அந்தப் போன் வேறு டவருக்குப் போனால், அரை மணிக்கு ஒரு மெசேஜ் இவனுக்கு வரும். வந்ததும், சைலண்டில் இருந்தாலும் இவன் போன் அலறும். ஜிபிஎஸ் போட்டால் பழைய பேட்டரி தாங்காது என்பதால்தான் டவரை வைத்து எழுதினான். இரண்டு தடவை ஓசூர் ரோட்டிலிருந்து அவரைக் கூட்டிவந்தது அந்த ரூல்தான்.

ஆனால் எங்கள் ஏரியா எல்லையில் இருக்கிறது. கரண்ட் போனால் நம் பக்க டவர் படுத்துவிடும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் போன் அத்திப்பள்ளி டவரைப் பிடித்துக்கொள்ளும். முத்துமணி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருப்பார். ஒரே வாரத்தில் ஆறு தடவை இப்படி ஆனது. இனி ஷிப்டில் வெளியே போனால் வேலை இருக்காது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

கடைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இந்தப் பாழாய்ப்போன வாய்தான் சொன்னது: "அத்திப்பள்ளி டவர்னு வந்தா பொய்தானப்பா. அத மட்டும் கண்டுக்காதேன்னு இன்னொரு ரூல் போட்டுடு. அவரு போனா ஓசூர்ப் பக்கந்தான் போவாரு."

டீ வருவதற்குள் எழுதி முடித்தான். அவனுக்கே யோசனை சொல்லிவிட்டோமே என்று எனக்குப் பெருமை வேறு.

நாற்பது நாள் ஒரு தொந்தரவும் இல்லை. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு ராஜலட்சுமி வந்து பார்த்தால் கட்டில் காலி. முத்துமணி பதறி ஓடிவந்தான். அலாரம் அடிக்கவில்லை, அதனால் பக்கத்தில்தான் இருப்பார் என்று தெருத்தெருவாகத் தேடினோம். நானும் கடையைச் சாத்திவிட்டு அலைந்தேன். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. இரண்டாவது ரூல் ஒதுக்கிவைத்த மெசேஜ்களைத் திறந்தான். காலை ஒன்பது நாற்பதிலிருந்து பதினொரு மெசேஜ், எல்லாமே அத்திப்பள்ளி டவர். வண்டியை எடுத்தான், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மூடிக்கிடந்த மில்லின் கேட்டுக்கு முன்னால் விழுந்து கிடந்தார். காலையிலிருந்து வெயிலில் நின்றாராம். எதிர்க்கடை பஞ்சர்காரர் கன்னடத்தில் விசாரித்ததற்கு, ஷிப்ட் இருக்கிறது, இப்போது திறப்பார்கள் என்று கன்னடத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார். எடுத்து மடியில் போட்டுக்கொண்டான் முத்துமணி. உயிர் போய் நேரமாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் பையிலிருந்த போன் பன்னிரண்டாவது மெசேஜை அனுப்பியது.

பூட்டி வைத்திருக்கலாமே என்று ஊரே அவனிடம் சொல்லிவிட்டது. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். காரியம் முடிந்த பிறகு தாங்க முடியாமல் நானே போய், யோசனை சொன்னவன் நான்தானேடா என்றேன்.

"எழுதுனது நாந்தானங்க பாய்" என்றான்.

இரண்டாவது ரூலை அழித்துவிட்டான். முதல் ரூல் அப்படியே இருக்கிறது. அப்பாவின் போனை அலமாரியில் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான். கரண்ட் போகிறபோதெல்லாம் அது அத்திப்பள்ளி டவரைப் பிடிக்கிறது, இவன் போன் அலறுகிறது.

நேற்று என் கடையில் நின்றுகொண்டிருந்தபோதும் அலறியது. ஃபேன் நின்றுபோயிருந்தது. கரண்ட் போயிருக்குடா, வேறு ஒன்றுமில்லை என்றேன்.

"தெரியுங்க பாய். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்."

வண்டி வீட்டுப் பக்கம் போகவில்லை. அத்திப்பள்ளி ரோட்டில் போனது.