எறும்புகள் பறந்த மத்தியானம்

இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் முழுக்க என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் அலைந்தேன். காரணம் – எறும்பு.

சிரிக்காதீர்கள். நான் விலங்கியல் சொல்லித்தரும் வாத்தியாரம்மா என்பதும், கல்லூரி வேலை போக எறும்பு ஆராய்ச்சி என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதும் இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வறண்ட காடுகளில் புல் விதை பொறுக்கிச் சேர்க்கும் ஒரு வகைக் கறுப்பு எறும்பு உண்டு. புற்று வாசலைச் சுற்றி உமியை வட்டமாகக் கொட்டி வைத்திருக்கும். வருஷம் பூராவும் ராணி மண்ணுக்குள்ளேயே கிடக்கும். தோண்டினாலும் கைக்கு எட்டாது. கோடையின் முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒரே ஒரு நாள், இளம் ராணிகளும் ஆண்களும் சிறகோடு வெளியே வந்து பறக்கும். வானத்திலேயே கல்யாணம். ஆண்கள் அன்றே செத்து விழும். ராணி தரையிறங்கி, சிறகை உதிர்த்துவிட்டு, தனியாகக் குழி தோண்டி உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும்.

அது தரையில் நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடித்தால்தான் உண்டு; தவறினால், மண் ஈரம் காய்வதற்குள் புதுக் குழியைத் தேடித் தோண்ட வேண்டும்.

எந்த நாள்? அதுதானே கேள்வி! முதல் வருஷம் அது பறந்தபோது நான் பரீட்சை ஹாலில் நின்றிருந்தேன். போன வருஷம் போய்ச் சேர்ந்தபோது மண் காய்ந்து குழியெல்லாம் மறைந்து, காடெல்லாம் வெறும் சிறகுகள்... தவிடு கொட்டினது மாதிரி. இந்த வருஷமும் ராணி கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிவிடுங்கள் என்று என் ஆராய்ச்சி வழிகாட்டி மெதுவாகச் சொல்லிவிட்டார். அவர் மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

அதனால் பங்குனி பிறந்ததிலிருந்தே எனக்குத் தூக்கமில்லை. வெயிலைப் பார்ப்பேன், காற்றைப் பார்ப்பேன். மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று சட்டென்று நின்று புழுங்கினால், வானத்தில் மேகத்தைத் தேடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை கொட்டியது. மறுநாள் காலையில் என் அண்ணனுடைய தோட்டத்துக்கு நான் போய்ப் பார்த்தால், வேலைக்கார எறும்புகள் புற்று வாசலை அகலப்படுத்திக்கொண்டிருந்தன. உள்ளே சிறகுகள் மினுங்கின.

இன்றைக்குத்தான்!

ஆனால் முதலமடை மாந்தோப்பு ஒன்றிலும் இதே எறும்பைப் பார்த்து வைத்திருந்தேன். இங்கே பெய்த மழை அங்கே பெய்யாது, அங்கே பறப்பது இங்கே பறக்காது – அப்படிப்பட்ட பூமி இது. இரண்டு இடத்திலும் ஆள் இருந்தால் நல்லது. நான் ஒருத்தி என்ன செய்வேன் என்று புலம்பியபோது, தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் என் வீட்டுக்காரர், "முதலமடைக்கு நான் போறேன். நீ இங்கயே இரு" என்றார்.

எறும்பு கடித்தால் சொறிந்துகொள்வார். அதுதான் அவருக்கும் எறும்புக்கும் உள்ள உறவு. எனக்காகக் கிளம்பினார். பெரிசாக, தடித்த உடம்போடு, சிறகில்லாமல் தரையில் நடப்பதுதான் ராணி என்று பாடம் நடத்தி, பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் இரண்டையும் குடையையும் கையில் திணித்து பஸ் ஏற்றினேன். குடை வேண்டாம் என்றார். நான்தான் விடவில்லை.

மத்தியானம் தெற்கே வானம் கறுத்தது. எனக்கு மேலே வெயில் மங்கலாக இருந்தது. முதலமடைத் திசையில் மட்டும் மின்னல். வாசலுக்கு வந்த சிறகெறும்புகள் மறுபடி உள்ளே போய்விட்டன. இடி ஒவ்வொன்றாக உருண்டு வர வர, கம்பிக் குடையைப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் ஒரு மனிதர் குனிந்து தரையைப் பார்க்கிற காட்சி என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

தோட்டத்தை ஒட்டித்தான் பஸ் ரோடு. முதலமடைக்குப் போகும் வழியிலுள்ள மீனாட்சிபுரத்திலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன். அதில் அவர் இல்லை. அங்கே மழை எப்படி என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"முதலமடைல மாந்தோப்புல இடி உழுந்துருச்சாமாங்க அம்மிணி. ஒரு ஆள ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போனாங்கன்னு லாரிக்காரங்க சொன்னாங்க."

"யாருன்னு தெரியுங்களா?"

"வெளியூர்க்காரருங்களாமா. கையில கொடை வெச்சிருந்தாராமா."

பஸ் போய்விட்டது. எதிர்த்திசை பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றேன். யாருக்குப் போன் செய்வது? அந்தத் தோப்பில் ஏது போன்?

அப்போதுதான் மேகம் விலகி வெயில் பளீரென்று அடித்தது. காற்றே இல்லை. என் காலடியில், ரோட்டோர மண்ணில் இருந்த புற்றுகளெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. நூல் பிரிவது போலச் சிறகுகள் மேலே... மேலே... கொஞ்ச நேரத்தில் ராணிகள் இறங்க ஆரம்பித்தன. ஒன்று என் புடவைக் கரையில் ஏறி, காலை வளைத்து, தன் சிறகைத் தானே தள்ளி உதிர்த்தது. கண்ணாடிக் குழாய் என் பையில் இருந்தது. பஸ்ஸும் இன்னும் வரவில்லை. குனிந்திருந்தால் போதும்.

குனியவில்லை. அவருக்காக விட்டுக்கொடுத்தேன் என்றெல்லாம் பெருமையாகச் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அது எறும்பாகவே தெரியவில்லை, அவ்வளவுதான். பஸ் வந்ததும் புடவையை உதறிவிட்டு ஏறினேன்.

மீனாட்சிபுரத்தில் இறங்கி, மாங்காய் ஏற்றப் போன ஒரு காலி லாரியில் இடம் கேட்டு உட்கார்ந்தேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார். தோப்பு வாசலில் காவல்காரர் மனைவி நின்றிருந்தாள். அடையாளம் சொல்லி விசாரித்தேன்.

"அவருங்களா? கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாருங்க."

லாரியைப் பார்த்துத் திரும்பி ஓடப் போனேன். அவள் பதறிப்போய் என் தோளைப் பிடித்தாள். "ஐயோ, அவருக்கு ஒண்ணுமில்லீங்க. அடிபட்ட ஏவாரிக்குத் தொணையாப் போயிருக்காருங்க."

அதே லாரிக்காரர் லோடு ஏற்றாமல் என்னைக் கொல்லங்கோட்டில் கொண்டுபோய் விட்டார். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். மடியில் அந்தக் கண்ணாடிக் குழாய்கள், காலியாக. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பிறகு அவரே சொன்னார். தூறல் விழ ஆரம்பித்தபோது மாங்காய் பேரம் பேச வந்த பொள்ளாச்சி வியாபாரி ஒருவர் நனைந்துகொண்டு போனாராம். குனிந்து மண்ணைப் பார்க்கக் குடை இடைஞ்சலாக இருந்ததால், இவர் அதை அவரிடம் கொடுத்துவிட்டு மாங்காய்க் கொட்டகைப் பக்கம் போய்விட்டாராம். வியாபாரி நூறடி நடப்பதற்குள் பக்கத்து மரத்தில் இடி.

"கொடை நம்முளுது புள்ள. அந்த மனுசன எப்படி உட்டுட்டு வர்றது?"

வியாபாரிக்கு உயிர் ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். கையிலும் தோளிலும் தீக்காயம், காது அடைத்துவிட்டது. அவர் வீட்டு ஆட்கள் பொள்ளாச்சியிலிருந்து வந்து சேரும் வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம். பஸ்ஸில் வரும்போது கேட்டார்: "எறும்பு பறந்துச்சா?"

"பறந்துச்சுங்க."

"புடிச்சயா?"

"இல்லீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. எந்த நாள் என்பதை எப்பாடுபட்டாவது கணித்துவிடலாம். அந்த நாளில் கூடவே வேறென்ன வந்து நிற்கும் என்பதை எந்த வானிலைக்காரன் சொல்வான்? ஆனாலும் கணிப்பதை விடுகிறோமா என்ன!

மறுநாள் காலையில் என்னை எழுப்பியதே அவர்தான். மண் ஈரம் காய்வதற்குள் போனால் புதுக் குழி தெரியாதா என்றார். தெரியும் – இரண்டு வருஷமாக அதை நான்தான் அவரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போனோம். சல்லடையில் சலித்தது போல அங்கங்கே சின்னச் சின்ன மண் குவியல்கள். முதல் குழி காலி. அடுத்ததில் அவசரப்பட்டு ராணியை நானே நசுக்கிவிட்டேன். அதன் பிறகு கரண்டியை அவர் வாங்கிக்கொண்டார். ஆபீஸ் ஃபைலைத் திருப்புவது போல மண்ணை அடுக்கடுக்காக நீக்கினார். ஓர் அறை திறந்தது. அதற்குள் அவள், தன்னந்தனியாக.

இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், ஈரப் பஞ்சு வைத்த குழாயில், கறுப்புக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறேன். முட்டையிட்டால்தான் என் ஆராய்ச்சி. தீனி வேண்டாம்; சிறகை அசைத்த தசையைக் கரைத்தே அவள் உயிர் வாழ்வாள். இருட்டும் அமைதியும்தான் வேண்டும்.

நேற்று என் வீட்டுக்காரர் வியாபாரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புண் ஆறி வருகிறது; ஒரு காது மட்டும் இன்னும் சரியாகக் கேட்கவில்லையாம். வந்தவர் செருப்பைக் கழற்றியதும் நேராக அலமாரிக்குப் போனார். தினமும் இப்படித்தான் – ஆபீஸ் போகும் முன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு தரம்...

"இன்னும் போடலியே புள்ள?" என்கிறார் கவலையோடு.

"நீங்க காயிதத்த எடுத்தெடுத்துப் பாத்தா அது எப்படிங்க போடும்?"