இலையோடு வந்த முட்டைக்கோஸ்: சுங்காய்க்கு ஒரு காய்கறி வேன் பயணம்

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வரிசைக்கு வாரம் இரண்டு முறை காய்கறி வேன் கொண்டுவருபவர் சேகர். அவரிடம் நெடுநாளாக ஒரு கேள்வி கேட்க நினைத்திருந்தேன். சின்ன வேனில் எதற்கு இரண்டு வகை முட்டைக்கோஸ்? ஒன்று பக்கத்து மலையிலிருந்து இறங்குவது. மற்றது சீனாவிலிருந்து கப்பலேறி வருவது. கடல் தாண்டி வருவதுதான் விலை குறைவு. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

"சனிக்கிழம சுங்காய் போறேன் டீச்சர். முன்சீட்டு காலியாத்தான் இருக்கு, வாங்களேன்," என்றார். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அது.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். மலைப்பாதை தொடங்கும் சிம்பாங் பூலாய் கால் மணி நேரம். அங்கே மலை லோரியிலிருந்து கோஸ் கூடைகள் இறங்கின. எல்லாம் சேகரின் தங்கை மாலா குத்தகை நிலத்தில் போட்டது. சீனாவில் குளிர்காலம் வந்தால் அங்கத்திய கோஸ் இங்கே மலைபோல் வந்து குவியுமாம். போன இரண்டு லோடும் மாலாவுக்குப் பாதி தேங்கிவிட்டது. அடுத்த நடவுக்கு நாற்று வேண்டுமா, வேண்டாமா என்று அன்று மாலைக்குள் அவர் நாற்றுப் பண்ணைக்குச் சொல்லியாக வேண்டும்.

"இந்த லோடும் போகலன்னா நெலத்தையே திருப்பிக் குடுத்துர்றேங்கிறா," என்ற சேகர், ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கோஸின் பச்சை மேலிலைகளை உரிக்க ஆரம்பித்தார்.

"ஏன் உரிக்கிறீங்க?"

"சீனாக்காரனப் பாருங்க டீச்சர், பவுடர் போட்ட மாதிரி வெள்ளையா உருண்டையா இருக்கான். நம்மாளு காட்டுக்குள்ளேர்ந்து ஓடி வந்தவன் மாதிரி இருக்குலா. அதான் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போறேன்."

உரித்த இலைகள் இரண்டு சாக்கு நிறைந்தன. போகும் வழியில் எங்காவது கொட்டிவிடலாம் என்று என் காலடியிலேயே வைத்தார்.

கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் என்று பழைய சாலையிலேயே போனோம். வீட்டிலிருந்து சுங்காய் ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். பீடோரில் தோசையும் தேநீரும் ஆளுக்கு ஆறு ரிங்கிட். சாப்பிடும்போது விலை விஷயத்தைக் கேட்டேன். சேகர் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன்: ஒரு பிள்ளையைப் பள்ளிக்குக் காரில் அனுப்பினால் என்ன செலவு, நாற்பது பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றினால் தலைக்கு என்ன செலவு? சீனாவில் பெரிய வயல்கள். குளிரூட்டிய கப்பல் பெட்டியில் மொத்தமாக வருகிறது. அந்தக் கோஸ் கல் மாதிரி இறுக்கம், நாள்பட்டாலும் தாங்கும். மாலாவினுடையது இளசு, நம் வெயிலில் சீக்கிரம் வாடும்.

சுங்காய்க்குச் சற்று முன்னால் உள்ளே திரும்பினோம். ஒரு காலத்தில் கித்தா என்னும் ரப்பர்த் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. பழைய தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இரண்டு வரிசைக் கல்வீடுகள், நடுவே கோயில். ஒன்பது மணிக்குச் சேகர் ஹார்ன் அடித்ததும் பெண்கள் வந்தார்கள். மாலாவின் கோஸை எடுத்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள்.

முன்னால் நின்ற பார்வதி அக்கா கேட்டார்: "மலக் கோஸ் கொண்டாரலயா சேகரு?"

"இதான்க்கா."

"எல எங்கடா?"

"சுத்தமா இருக்கட்டும்னு உரிச்சிட்டேன்."

"என் கோழிக்கு அப்ப உன் தலமுடியவா போடுறது?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "பழச மறைக்கத்தான் உரிப்பாங்க. நமக்குத் தெரியாதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இங்கே வீட்டுக்கு வீடு கோழி. உள்கோஸ் சட்டிக்கு, மேலிலை கோழிக்கு. இலை வாடாமல் இருந்தால் காய் புதிது என்பதற்கு அதுவே சாட்சி. உரித்த கோஸ் சீனா கோஸுக்குப் பக்கத்தில் சின்னதாக, விலை கூடுதலாக, அநாதையாக உட்கார்ந்திருந்தது.

சேகர் என் காலடிச் சாக்குகளை இழுத்துப் பிரித்தார். பார்வதி அக்கா ஓர் இலையை எடுத்துக் கோஸின் தலையில் தொப்பிபோல் கவிழ்த்துப் பார்த்தார். "இந்த எல இந்தக் கோஸுக்குப் பொறந்தது இல்ல," என்றார். ஆனாலும் இலையின் காம்பை மடக்கினார். படக்கென்று ஒடிந்தது. "புதுசுதான்லா," என்று இரண்டு கோஸும் ஒரு கை இலையும் எடுத்தார். மருந்து அடித்திருப்பார்களே என்றேன். "கழுவாமயா போடுவேன் டீச்சர்? நாளைக்கு அந்த முட்டைய நான்தானே திங்கணும்."

அதைப் பார்த்து மற்றவர்களும் இலையோடு எடுக்க, பத்தரைக்குள் மாலாவின் கூடைகள் காலி. கோயில் சமையலுக்கு வாங்க வந்த ராஜு அண்ணன் மட்டும் அதைத் தொடவில்லை. சீனா கோஸை மொத்தமாக அள்ளினார். "பெரிய சட்டிக்கு இதான்லா. தண்ணி விடாது." அவர் சொன்னதும் நியாயம்தான்.

சேகர் தங்கையை அழைத்தார். "போயிருச்சு. கோஸ் நாத்து பாதி சொல்லு, மிச்சத்துக்கு பீன்ஸ் போடு. அப்புறம், இனிமே எலையோடவே அனுப்பு."

"எலையோடதானே அனுப்பறேன்," என்றது போன். "உரிக்கிறது யாரு?"

சேகர் என்னைப் பார்த்தார். நான் செம்பனையைப் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஈப்போவிலிருந்து சுங்காய்க்கு ரயில் உண்டு. ஆனால் தோட்டங்களுக்குள் போக வண்டி வேண்டும். பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு வெயில் சுடும். காய் வாங்கும்போது எந்த நாட்டுக் கோஸ் என்று கேளுங்கள், அதோடு என்ன சமைக்கப் போகிறீர்கள் என்றும் யோசியுங்கள். பொரியலுக்கு நான் மாலாவினுடையதை வாங்குகிறேன். ஒரு வாரம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கவேண்டியதென்றால் சீனாவினுடையதை.

அடுத்த வெள்ளி சேகர் எங்கள் வரிசைக்கு இலையோடு கொண்டுவந்தார். எதிர்வீட்டுப் பெண், "குப்பை சேருது அண்ணே, உரிச்சுக் குடுங்க," என்றார். சேகர் உரித்துக் கொடுத்தார். இலைகளைக் கசங்காமல் அடுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி, முன்சீட்டில் வைத்தார். மறுநாள் சனிக்கிழமை, சுங்காய் போகும் நாள்.