நாக்கில் ஒட்டிய பிஸ்கெட்

வெள்ளை ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: அது வெள்ளையாக இருக்கும். அதுவும் தப்பு. பாட்டிலைத் திறந்து ஊற்றியபோது நல்லெண்ணெய் நிறத்தில் விழுந்தது. கள்ளைப் போல் இருக்கும், எடுப்பாகத் தெரியட்டும் என்று கறுப்புக் குவளையைத் தேடி எடுத்து வைத்திருந்த மேதை நான்.

செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. கரண்டு பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கேரியரும் ஊறுகாய் ஜாடியும்தான் பிழைப்பு. என் மனைவிக்குச் சாப்பாட்டுத் தட்டு செய்ய ஆசை. ஆறு தட்டு செய்து, பாண்டிச்சேரியில் ஓட்டல் நடத்தும் ஒரு மேடத்துக்கு அனுப்பியிருந்தாள். நேரில் வந்து முடிவு சொல்கிறேன் என்றார் அவர். "இது கெடைக்கலன்னா தட்டையே தொட மாட்டேன், கேரியரே செஞ்சிட்டுக் கெடக்குறேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

மேடம் போனில் என்னிடம், "ஓக் மரப் பீப்பாயில வச்ச வெள்ள ஒயினோட பரிமாறத்தான் இந்தத் தட்டு. உங்களுக்கு ஒயின் பத்தித் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "நல்லாத் தெரியுங்க மேடம். பாட்டிலோட வாங்க, அதுக்குத் தோதான சாப்பாடு நம்ம வூட்ல" என்றேன்.

"ஏங்க, ஒரு பீருக்கே மூணு நாள் தலவலின்னு படுப்பீங்க. ஒயினு தெரியுமா?" என்றாள் மனைவி.

"மீன் கொழம்பு வையி. வெள்ள ஒயினுக்கு மீனுதான்" என்றேன். எங்கோ காதில் விழுந்திருந்தது. புளியும் மிளகாயும் தூக்கலாக இருக்கட்டும் என்றது மட்டும் என் சொந்தச் சரக்கு.

மேடம் வந்தார். கறுப்புக் குவளையை ஒதுக்கிவிட்டு டீ கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். கதவு இழைத்த தச்சன் கை கழுவிய தண்ணீர் போலிருந்தது.

"வெண்ணெய், வெனிலா வருதா? கடைசியில நல்லா வெந்த பிஸ்கெட் வாசன?"

பிஸ்கெட்! அப்பாடா, நம்ம ஏரியா. எங்கள் ஊரில் பிஸ்கெட் என்றால் ஒரு தரம் சூளையில் சுட்டு, இன்னும் மெருகு பூசாத பாண்டம். தொழிலில் நம்மைச் சோதிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"வாசனையில என்ன மேடம் இருக்குது? ஈரத்த உறிஞ்சி நாக்குல ஒட்டணும்!" என்று ஓடிப்போய் மெருகு பூசாத தட்டு ஒன்றை எடுத்துவந்து அவர் கண்முன்னே நக்கினேன். அது நாக்கைக் கவ்விக்கொண்டது. அப்படியே, "நீங்களும் நக்கிப் பாருங்க" என்று இன்னொன்றை நீட்டினேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குடித்தது ஒரு வாய்தானா என்று அளந்திருப்பார்.

உள்ளேயிருந்து மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றது.

சாப்பாட்டில் மிச்ச மானமும் போயிற்று. மீன் குழம்புக்கு மேல் ஒயின் இறங்கியதும் காரம் பற்றி எரிந்தது. மரக் கசப்பு மட்டும் தனியாக நின்றது. மேடம் தண்ணீர் கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் தானாக வந்தது.

அப்போதுதான் மனைவி தன் தட்டு ஒன்றில் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். தேங்காய்ப்பாலில் முந்திரி அரைத்துவிட்ட கோழி. "காரம் ஆவுமோ ஆவாதோன்னு இதத் தனியா செஞ்சேங்க" என்றாள்.

மேடம் ஒரு வாய் சாப்பிட்டு ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு தடவை செய்தார். நானும் செய்தேன். அதே ஒயின்தான், ஆனால் மரம் பின்னால் போய், வெண்ணெய் முன்னால் வந்தது. தேங்காயின் இனிப்பை அது தூக்கிவிட, முந்திரியின் கொழுப்பை ஒயினின் புளிப்பு வழித்துவிட்டது. கடைசியில் நிஜமாகவே டீக்கடை பிஸ்கெட் வாசனை.

மேடம் தட்டின் விளிம்பை விரலால் தடவினார். "குழம்பு ஓடாம நிக்குது. இதே அகலம், இதே நிறம். ஓட்டலுக்கு வேணுங்குறது மொத்தமும் நீங்களே செஞ்சு குடுங்க" என்றார் மனைவியிடம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வை போல.

எனக்குத் தைரியம் திரும்பிவிட்டது.

"சரக்கோட நானே வரேன் மேடம். எந்த ஒயினுக்கு என்ன சாப்பாடுன்னு உங்க ஆளுங்களுக்குச் சொல்லித் தரட்டுங்களா?"

"தட்டு மட்டும் வந்தாப் போதும்" என்றார்.