பின்கதவை மறைத்த பீரோ

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தேன். புதுக்கோட்டை, திருமயம் பக்கத்து ஆஸ்பத்திரிக் கட்டடங்களை வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, பத்திரமானவை என்று சர்டிபிகேட் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. சுவரில் வெடிப்பு உண்டா, உத்தரம் செல்லரித்திருக்கிறதா, தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திருமயத்துக்குத் தெற்கே ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடத்தில் இடம் போதாமல், டாக்டர் கொல்லையில் மண்சுவர் வைத்துக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். பிள்ளை பெற்றவர்களுக்கு அங்கேதான் கட்டில். கொட்டகைக்கு முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு கதவு. பின்கதவை அடைத்தபடி துணி வைக்கும் இரும்பு பீரோ நின்றது.

"அத நாளைக்கே நகத்திருவோம். நீங்க எழுதிக்கங்க சார்" என்றார் டாக்டர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'வெளியேற இரண்டு வழிகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம் முழுக்க அந்தக் கையெழுத்து என்னை வாட்டியது. பக்கத்து வீட்டு அடுப்பில் விறகு புகைந்தாலே அந்தக் கீற்றுக் கொட்டகை ஞாபகத்துக்கு வரும். யாராவது தந்தி என்று சொன்னால், கொட்டகை எரிந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு கார்டு போட்டு "பீரோவை நகர்த்தினீர்களா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என் தவறு எழுத்தில் பதிந்துவிடுமே என்று அதற்கும் பயம்.

மறுவருடம் சித்திரையில் போனேன். டாக்டர் வெளியூர் போயிருந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் பார்த்தேன்: பீரோ நின்ற இடத்திலேயே நின்றது. நான்கு கட்டில்களில் நான்கு பெண்கள், பக்கத்தில் பச்சைக் குழந்தைகள். முன்வாசலை ஒட்டி ஒரு பெஞ்சில் நர்ஸம்மா பம்ப் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் காய்ந்த கீற்று.

"அம்மா, மொதல்ல அந்த ஸ்டவ்வ அணைங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஸ்டவ் குப்பென்று பொங்கியது. தீ ஆள் உயரத்துக்கு எழும்பிக் கீற்றைப் பிடித்தது.

நான் ஓடினேன். யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் தூக்கவில்லை. எரிகிற வாசலுக்கு அடியில் குனிந்து வெளியே ஓடிவிட்டேன். கிணற்றடிக்கு வந்த பிறகுதான் உள்ளே இருந்து அலறல் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வாசல் முழுக்க நெருப்பு.

கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் ஓடித் தோளால் கதவை இடித்தேன். அசையவில்லை.

"சார், அங்கிட்டிருந்து தள்ளுங்க! நாங்க இங்கிட்டு இழுக்கிறோம்!" உள்ளே நர்ஸம்மாவின் குரல்.

தள்ளினேன். ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் நகரவில்லை. அந்த இடுக்கு வழியாக ஒரு கை துணிச்சுருளை நீட்டியது. குழந்தை. வாங்கி வேப்பமரத்தடியில் கிடத்திவிட்டு ஓடிவந்தேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சத்தம் கேட்டு வந்த இரண்டு பேர் என்னோடு சேர்ந்து முட்டினார்கள். பீரோ உள்பக்கம் சரிந்து விழுந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்தும் தள்ளாடியும் வந்தார்கள். கடைசியாக நர்ஸம்மா. அவர் வெளியே வந்து சற்று நேரத்தில் கூரை உட்கார்ந்துவிட்டது.

அன்று காலையில்தான் பிள்ளை பெற்ற ஒரு பெண் மரத்தடிக்குத் தவழ்ந்து வந்தாள். "எம் புள்ள எதுங்க?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான்கும் கரி படிந்து ஒன்றுபோலக் கதறின. கைகள் கொப்பளித்திருந்த நர்ஸம்மா வந்து, குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டியிருந்த நாடாவைப் பார்த்துச் சொன்னார்: "இதுதான் தாயி ஒன் மகன்."

சாயங்காலம் டாக்டர் வந்தார். "ஸ்டவ் வெடிச்சதுன்னு மட்டும் எழுதுங்க சார். ஒங்களுக்கும் நல்லது" என்றார். எனக்கும் அதுதான் நல்லது என்பது உண்மைதான். ஆனால் எழுத உட்கார்ந்ததும் அந்த ஒரு சாண் இடுக்குதான் கண்ணில் நின்றது. பீரோவையும், போன வருடம் அதைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டதையும் எழுதினேன். ஆஸ்பத்திரியின் லைசென்ஸ் போனது. என்னை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்து, பிறகு வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

கிளம்புவதற்கு முன் நர்ஸம்மாவைப் பார்க்கப் போனேன். தழும்பு ஏறிய கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் மொதல்ல வெளிய ஓடினத பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேனே. தண்ணி எடுக்கத்தான் கெணத்தடிக்கு ஓடுறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.