அண்ணை வாங்கிய மின்சாரக் கார்

எங்கள் வீட்டு முன்கொட்டகையில் ஒரு மின்சாரக் கார் நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. தூசி தட்டுவதையும் படங்கு போட்டு மூடுவதையும் தவிர அதன்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சண்டிலிப்பாயில் இதை நம்புகிறவர்கள் குறைவு. "மனேச்சருக்கென்ன, பெற்றோலும் தேவையில்லை, புகையும் இல்லை, ராசா மாதிரி ஓட்டம்" என்று இன்னமும் சொல்கிறார்கள். கூட்டுறவுக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு இப்போதும் மனேச்சர்தான்.

காரை வாங்கியவர் என் அண்ணை. சுவிஸில் இருக்கிறார். வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலகத்தில் எந்த மூலையில் எந்த மின்சாரக் கார் வெளிவந்தாலும் அதன் வீடியோ என் போனுக்கு வந்துவிடும். இது ஒருமுறை சார்ஜ் போட்டால் கொழும்புக்கே போகும். அது தானாகவே இடம் பார்த்துத் தரித்து நின்றுகொள்ளும். மற்றது நெருப்புப் பிடிக்குமாம், வேண்டாம். நான் கேட்டது ஒன்றுமில்லை. என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது, அது போதும். ஆனாலும் பெற்றோலுக்காக வரிசையில் காய்ந்த காலத்தை நான் மறக்கவில்லை. அதனால் மின்சாரக் கார் என்றதும் உள்ளூரச் சந்தோசப்பட்டேன். அதை மறைப்பானேன்.

லீவில் வந்த அண்ணை கொழும்பில் காரை எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கோயிலில் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, பிறகு எனக்குச் சொன்னார். "வருசத்திலை மூண்டு கிழமைதான் நான் இஞ்சை நிப்பன். மிச்ச நாளெல்லாம் நீ ஓடு. உன்ரை கார் எண்டு நினை."

நானும் நினைத்தேன்.

முதல் மாதம் ஊரே வந்து பார்த்தது. ஒருவர் முன்மூடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உயிர் இருக்கோ இதுக்கு?" என்றார். இன்னொருவர் மழைக்குள் ஓடினால் கறன்ற் அடிக்காதா என்று என் மனைவியிடம் இரகசியமாக விசாரித்தார். சத்தமே இல்லாததால் ஒழுங்கையில் படுத்திருக்கும் நாய்கள் எழும்பவில்லை. நான் இறங்கிப் போய்க் கலைத்துவிட்டு வந்து மறுபடியும் ஏற வேண்டியிருந்தது. காருக்குச் சார்ஜ் ஏறும் நேரத்தில் மனைவி கிறைண்டரைப் போட்டால் வீடே இருண்டுபோகும். இயந்திரம் இருக்க வேண்டிய முன்மூடிக்குள் ஒரு வெறும் பெட்டிதான் இருந்தது. அதில் நான் வெங்காயம் வைத்தேன். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் அது.

இந்தக் காருக்குத் திறப்பு, சாவி ஒன்றும் கிடையாது. போனில்தான் திறக்க வேண்டும். முழு உரிமையும் அண்ணையின் போனில் இருந்தது. அங்கிருந்து அவர் எனக்கு ஓர் அனுமதி அனுப்பியிருந்தார். நான் ஏறி அமர்ந்தால் காரின் திரையில் பெயர் வரும் இடத்தில் 'கெஸ்ற்' என்று விழும். பிறந்த வீட்டு முற்றத்திலேயே விருந்தாளியாகிப்போனேன் என்று மனைவியிடம் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு விசாரணை தொடங்கியது. "நேற்று ஏன் கொடிகாமம் போனனீ?" மாம்பழம் வாங்கப் போனேன் என்றேன். "மாம்பழத்துக்கு உவ்வளவு தூரமோ? பற்றரி கெட்டுப் போகுமெல்லோ." காரை எங்கே நிறுத்தினேன், எவ்வளவு வேகத்தில் போனேன், குளிரூட்டியை எத்தனையில் விட்டேன் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடிக்கு மேலே சின்னதாக ஒரு கமரா இருந்தது. அதுவழியாகக் காருக்கு முன்னால் நிற்பவர்களையும் உள்ளே இருப்பவர்களையும் அவர் அங்கிருந்தே பார்க்கலாம். அது தெரிந்ததிலிருந்து மனைவி காருக்குள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். மாமனார் வீட்டுக்குப் போகிற மருமகள் மாதிரிச் சேலையை இழுத்து மூடிக்கொண்டு இருப்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் என் இரண்டு பிள்ளைகளும் படித்தது அண்ணையின் உழைப்பில். அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தை ஒட்டி இன்னொரு குடும்பத்தின் தோட்டம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் என்னைவிட வயதில் இளையவர். லான்ட்மாஸ்ரர் என்று நாங்கள் சொல்லும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்து ஊருக்கெல்லாம் உழுது கொடுப்பவர். கிணற்றுத் தண்ணீர் முறையிலிருந்து புகையிலைக் கன்று வரைக்கும் எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆனால் அவர்கள் எங்கள் சாதி இல்லை. அவருடைய தகப்பனார் ஒருநாளும் எங்கள் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததில்லை. இப்போது அப்படியில்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வோம். சொல்வது சுலபம்.

வெங்காயம் கிண்டி அறுவடை செய்கிற நாட்கள். அவர் லான்ட்மாஸ்ரரில் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார். உச்சி வெயில். தோட்டத்தில் நின்ற அவருடைய மனைவியைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. கூட நின்ற பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வாசல் படலைக்குத்தான் ஓடி வந்தார்கள். "மனேச்சர், புடையன் கடிச்சுப் போட்டுது! கெதியா காரை எடுங்கோ!" அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கார் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மனைவி பின்னால் ஏறி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மானிப்பாய் வீதியில் பாதி தூரம் போவதற்குள் அவர் சீற் முழுக்கச் சத்தி எடுத்துவிட்டார். பல் முரசிலிருந்து இரத்தம் கசிகிறது என்று மனைவி அழுதாள். அந்த நேரம் பார்த்துக் காருக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. திரையில் அண்ணையின் படம். நான் எடுக்கவில்லை. நின்றது, திரும்ப அடித்தது. அதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியாது. பின்னால் அந்தப் பெண்ணின் முனகல், முன்னால் அந்த மணி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டும் ஓயவில்லை.

நேரத்துக்குக் கொண்டுவந்தபடியால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். விசத்துக்கு மருந்து ஏற்றினார்கள். வெளியே வந்து காரைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதுவரை இருந்த கோபமெல்லாம் போய், அண்ணைமேல் ஒரு பாசமே வந்தது. நானாகத்தான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கடை கார் இண்டைக்கு ஒரு உயிரைக் காப்பாத்திப் போட்டுது."

"பின் சீற்றிலை சத்தி எடுத்தது ஆர்?" என்றார் அவர்.

சொன்னேன்.

"ஏன், உங்கை அம்புலன்ஸ் ஓடுறேல்லையோ?"

"கார் வாசலிலை நிக்கேக்கை அதுக்கு என்னெண்டு அண்ணை காத்துக்கொண்டு நிக்கிறது?"

"டேய், கோயிலிலை தேங்காய் உடைச்சு, அம்மாவின்ரை படத்துக்கு முன்னாலை கும்பிட்டு எடுத்த கார் அது. உவையளை ஏத்தவோ நான் வாங்கினனான்?"

"சண்டைக்கு ஊரே எழும்பி ஓடின இடப்பெயர்வுக்கை அம்மாவைத் தன்ரை வண்டிலிலை ஏத்திக் கொடிகாமம் மட்டும் கொண்டு போனது ஆர், தெரியுமெல்லோ? இந்தப் பிள்ளையின்ரை மாமன்தான், புருசன்ரை தகப்பன்."

"அம்மா என்ன, சும்மாவே ஏறினவ? காசு குடுத்துத்தானே போனவ."

காசு கொடுக்கவில்லை. அந்த மனிதர் வாங்கவில்லை. அம்மா கழற்றி நீட்டிய சங்கிலியையும் திருப்பி அவவின் கையிலேயே வைத்துப் பொத்திவிட்டார். வண்டிலைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் பக்கத்தில் நடந்தவன் நான். அண்ணை அப்போது சுவிஸில் இருந்தார். இதைச் சொல்ல வாயெடுக்க முன்னர் அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை அந்தப் பெண்ணின் புருசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்ற முகம். கையில் ஒரு வாளி, சவர்க்காரம், பழைய துணி.

"சீற் பழுதாப் போச்சாம், மனேச்சர். நான் கழுவி விடுறன்."

"உமக்கென்ன விசரே? போய்ப் படும். அதை நாங்கள் பாப்பம்" என்றேன்.

அவர் கேட்கவில்லை. நான்தான் காரைத் திறந்துவிட்டேன். பின் சீற்றில் முழங்கால் ஊன்றி, மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினார். தன் வீட்டுச் சாமித்தட்டைக்கூட யாரும் அவ்வளவு கவனமாகக் கழுவமாட்டார்கள். நான் கிணற்றடியில் அவருக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கார் அலறியது. நாலு பக்கத்து விளக்குகளும் மின்னி மின்னி, ஹோர்ன் விடாமல் அடித்தது. அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கியதில் தலை கதவு விளிம்பில் மோதிவிட்டது. சத்தத்துக்கு அயலவர்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலையைப் பொத்திக்கொண்டு, குற்றவாளி மாதிரி என்னைப் பார்த்தார்.

"என்ன மனேச்சர், நான் ஏதும் பிழையா அமத்திப் போட்டனோ?"

என் போனில் அண்ணையின் செய்தி வந்து கிடந்தது. 'அவனை இறக்கு.'

பொய் சொல்லியிருக்கலாம். புதுக் கார், அப்படித்தான் சிலவேளை கத்தும் என்று சமாளித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. "நீர் ஒண்டும் அமத்தேல்லை. அண்ணைதான் அங்கையிருந்து அடிக்கிறார்" என்றேன்.

"ஏன்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலே இருந்த அந்தக் கமராவைப் பார்த்தார். விளங்கிவிட்டது. துணியைப் பிழிந்தார், வாளியில் இருந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றினார், "அப்ப வாறன், மனேச்சர்" என்றார். அவர் படலையைத் தாண்டும் வரைக்கும் ஹோர்ன் அடித்தது. தாண்டியதும் நின்றது.

அன்றைக்குத்தான் என் வாழ்நாளில் முதன்முதலாக அண்ணையை எதிர்த்துக் கதைத்தேன். "கார் உங்கடை. முத்தம் என்ரை. என்ரை முத்தத்திலை நிக்கிற மனிசரை நீங்கள் நாயைக் கலைக்கிற மாதிரி ஹோர்ன் அடிச்சுக் கலைக்க ஏலாது" என்றேன். "அப்ப காரைத் தொடாதை" என்றார். அன்று பின்னேரமே அவர் தந்த அனுமதி என் போனிலிருந்து மறைந்துவிட்டது. அதற்கு முன்னமே மனைவி ஒரு வேலை பார்த்திருந்தாள். காரின் கதவைச் சாத்தப் போனவள், தன் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து அந்தக் கமராவின்மேல் ஒட்டிவிட்டு வந்திருந்தாள். அண்ணை அதன்பிறகு என்னுடன் கதைக்கவில்லை. பொட்டின் பசை கமராவைப் பழுதாக்கிவிடும் என்று அண்ணிமூலம் ஒரு செய்தி மட்டும் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், பக்கத்துத் தோட்டத்து மனிதருக்காக அண்ணையையே பகைத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும், எங்களுக்குள் ஒன்றும் கெட்டுப் போகாது என்று நம்பினேன்.

அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிக் கொடுத்து வீட்டுக்கு விட்டார்கள். அவரைப் புருசன் லான்ட்மாஸ்ரரின் இழுவைப் பெட்டியில் பாய் விரித்துக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று கேள்விப்பட்டோம். நானும் மனைவியும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு, தோட்ட வரம்பால் நடந்து பார்க்கப் போனோம். கால் இன்னும் வீங்கிக் கறுத்துத்தான் இருந்தது. எங்களைக் கண்டதும் கட்டிலில் இருந்து எழும்பப் பார்த்தார். மனைவி ஓடிப்போய்ப் பிடித்து இருத்தினாள்.

"கார் சீற்றுக்கு ஒண்டும் நினையாதையுங்கோ, மனேச்சர்" என்றார் அவர். "எனக்கு அப்ப நினைவில்லை. நினைவிருந்திருந்தா ஏறியிருக்க மாட்டன்."

மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். புருசன் எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு, எங்களை ஆறுதல்படுத்துகிற குரலில், கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அதில் கரியால் அம்புலன்ஸ் நம்பரைப் பெரிதாக எழுதியிருந்தார்.

"பிள்ளையளுக்கும் பாடமாக்கிக் குடுத்திருக்கிறன், மனேச்சர். இனி என்ன நடந்தாலும் உங்கடை படலைக்கு ஓடி வரமாட்டினம். அம்புலன்ஸ் வருமட்டும் இஞ்சையே இருப்பினம்."

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.