திருஷ்டிப் பூசணியில் ஒன்று, இரண்டு, மூன்று

இன்று சூப்பர் மார்க்கெட் கவுண்டரில்...

"பூசணி விதையா ஆன்ட்டி? டயட்டா?" என்றாள் பில் போடும் பெண்.

(என் இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்!)

"இல்லமா, பேத்திக்கு. எல்கேஜி ஆக்டிவிட்டியாம். விதைய பிரிக்கணும், அடுக்கணும், எண்ணணும்."

"விதைய வெச்சுக்கூட பாடமா! எல்லாம் புதுசா இருக்குது ஆன்ட்டி!"

புதுசா? அம்மாடி, எழுபதுகளிலேயே காஞ்சிபுரத்தில் அந்தப் பாடத்தைப் படித்தவள் நான்!

எங்கள் நெசவாளர் தெருக்கோடியில் ஒரு பால்வாடி. ஒரே அறை, ஒரு பாய், ஒரு கரும்பலகை. பத்மா டீச்சர் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பத்துப் பெண். தினமும் நடந்தே வருவார்.

முதலில் புளியங்கொட்டை வைத்துத்தான் எண்ணினோம். ஒரு நாள் ஒருத்தி அதை மூக்கில் போட்டுக்கொண்டாள். (நான் இல்லை. நம்புங்கள்!)

பூசணி விதை என்றால் தட்டை, மூக்கில் போனாலும் பிடித்து இழுத்துவிடலாம் என்று டீச்சர் யோசித்தார்.

அது ஆயுத பூஜை முடிந்த சமயம். தறிக்குப் பூஜை போட்டு, பூசணிக்காயில் குங்குமம் திணித்து, வீட்டுக்கு வீடு வாசலில் உடைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை வரும் வழியில் டீச்சர் அந்த விதைகளைப் பொறுக்கி, கழுவி, காயவைத்துவிட்டார்!

கழுவியும் குங்குமம் போகாத சிவப்பு விதை ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்போமா? பாயிலேயே சேலை போட்டோம்! நடுவில் வெள்ளை, இரண்டு பக்கமும் சிவப்புக் கரை.

"ரெண்டு கரையும் எண்ணிப் பாருங்கமா. ஒண்ணு கொறஞ்சாலும் பொடவ கோணிக்கும்!" என்பார் டீச்சர்.

அப்படித்தான் எனக்கு எண்ணவே வந்தது.

சந்தோஷத்தில் ஒரு பிடி விதையைப் பாவாடையில் முடிந்து வந்து எங்கள் வாசலில் கரை போட்டேன். எதிர்வீட்டுக் கண்ணம்மா அக்கா பார்த்துவிட்டார்.

"ஏது பாப்பா இது?"

"தெருவுல ஒடச்ச பூசணிக்கா! டீச்சர் பொறுக்கினு வந்தாங்க!" (எவ்வளவு பெருமை!)

அன்றைக்கென்று அக்காவின் மகனுக்கு ஜுரம் வேறு. தெருவே பால்வாடி வாசலில் கூடிவிட்டது.

"திருஷ்டி கழிச்ச காய நாங்க தாண்டக்கூட மாட்டோம். அத்தப் போயி புள்ளைங்க கையில குடுத்துக்கினு இருக்குது இந்தப் பொண்ணு! நாளையிலேந்து எம்புள்ள வராது!" என்றார் கண்ணம்மா அக்கா.

"எம்புள்ளயும் வராது!"

"எங்க வீட்ல பூசணி ஒடைக்கிற வழக்கம் இல்லக்கா. எனக்குத் தெரியல..." டீச்சர் அழுதே விட்டார்.

பிள்ளைகள் வராவிட்டால் பால்வாடியை மூடிவிடுவார்கள், டீச்சர் போய்விடுவார். அது மட்டும் எனக்குப் புரிந்தது. டீச்சரைவிடச் சத்தமாக அழுதேன்.

என் அழுகை கேட்டு, அம்மா தறியை விட்டு எழுந்து வந்தார்.

"கண்ணம்மா, நீ பூசணிக்கா ஒடச்சியா?"

"ஒடச்சேன்."

"திருஷ்டி போச்சா?"

"போகாம பின்ன!"

"போயிடுச்சுன்னா வெதையில இன்னா இருக்குது? போகலன்னா நீ ஒழுங்கா ஒடைக்கல. எதுன்னு நீயே சொல்லு."



தன் வீட்டுத் திருஷ்டி கழியவில்லை என்று நாலு பேர் முன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

"நான் ஒழுங்காத்தான் ஒடச்சேன்," என்று முனகினார் கண்ணம்மா அக்கா. கூட்டம் மெல்லக் கலைந்தது. பால்வாடி பிழைத்தது!

அன்று சாயங்காலம் அம்மா டீச்சரை வீட்டுக்கு அழைத்துவந்து, என் பக்கத்தில் உட்காரவைத்தார். கையில் உப்பு, மிளகாய்!

"திருஷ்டிதான் போயிடுச்சுன்னு சொன்னியேமா?" என்றேன்.

"பூசணிக்கா திருஷ்டி போச்சுடி. இன்னிக்கி ஊரே இந்தப் பொண்ணையே மொறச்சுக்கினு நின்னுச்சே, அத்த யாரு கழிப்பாங்க?"

வழக்கமே இல்லாத வீட்டுப் பெண், சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

சுற்றி அடுப்பில் போட்ட மிளகாய் துளிகூடக் கமறவில்லை.

"பாத்தியா டீச்சரம்மா, எம்மாங் கண்ணு!" என்றார் அம்மா.

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.

இதை டைப் பண்ணும் நானும்தான்!