மாமரத்தடியில் கரைத்த உப்பு

வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு விடுமுறைக்குக் கே.கே. நகர் வீட்டுக்கு வந்தபோது, சமையலறைச் சுவரை ஒட்டி நின்ற மாமரம் கருகிக்கொண்டிருந்தது. அண்ணன் கல்யாணத்தன்று மதினி கையால் நட்ட ஒட்டுக்கன்று. மதினிக்கு இன்னும் குழந்தை இல்லை.

"அவ கை வச்சது எது தங்குச்சு? வயித்துலயும் தங்கல, மண்ணுலயும் தங்கல," என்றாள் அம்மா. மதினி பக்கத்தில்தான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். "தைக்குள்ள இது துளிர்க்கலேன்னா இவளை இவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வந்துருவேன். உங்கண்ணனுக்கு வேற பொண்ணு பாத்தாச்சு."

அண்ணன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

அம்மா உள்ளே போனதும் மதினி என்னிடம் சொன்னாள்: "மரத்துக்கு நீதான டாக்டரு. நல்லாப் பாரு தாயி. அது பொழச்சாத்தான் நானும் இங்க இருப்பேன்."

காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தேன். கரையான் இல்லை. தண்டில் துளை இல்லை. வேர் அஸ்திவாரத்தில் முட்டியிருக்கலாம் என்று தோண்டிப் பார்த்தேன். அது வளைந்து வெளிப்பக்கம் போயிருந்தது. தண்ணீரில் கோளாறு என்றால் அதே போர்வெல் தண்ணீரைக் குடிக்கும் செம்பருத்தியும் வாடியிருக்க வேண்டும். இலைகள் நுனியிலிருந்து உள்நோக்கித் தீய்ந்திருந்தன, நடுவில் பச்சை. சமையலறைப் பக்கத்துக் கிளைகளில்தான் அதிகம். அந்தப் பக்கத்து மண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடை கிடைத்தது. அம்மா இரண்டு கையிலும் கல் உப்பை அள்ளி அண்ணனுக்குச் சுற்றினாள். மதினியின் பீடை அவனை அண்டக் கூடாதாம். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, கால் படாத இடம் என்று மாமரத்துக் குழியில் ஊற்றினாள். முன்பு தெருமுக்கில்தான் கொட்டுவாள். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு இங்கே. செவ்வாயும் வெள்ளியும் தவறியதில்லை.

மண்ணைக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். அந்த அளவு உப்பில் மா நிற்காது. திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். மரத்தைக் கொல்வது உப்பு, மதினியின் கை இல்லை. ஊற்றுவதை நிறுத்தி, நல்ல தண்ணீரைத் தேக்கி மண்ணை அலசினால் பிழைத்துவிடும்.

மதினி சிரித்துவிட்டாள். "அந்த உப்பைக் கடையில வாங்கிட்டு வந்ததே நாந்தான்."

அம்மா சிரிக்கவில்லை. "அப்பப் பாத்துக்க. எம்மவன் மேல இருந்து எடுத்ததை வாங்குன மரமே இந்தப் பாடுபடுதே, அம்புட்டும் அவன் மேலயே நின்னுருந்தா எம்புள்ள என்னாயிருப்பான்?"

"அம்மா, அது வெறும் உப்பு."

"உப்பு எதை இழுக்கும்னு ஒங்க காலேஜுல சொல்லித் தரமாட்டாக."

அம்மா தை வரைக்கும் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே ஆட்டோ வந்தது. மதினி பெட்டியோடு ஏறும்போது அண்ணன் உள்ளேதான் இருந்தான்.

அவள் போன பின் சுற்றிப்போடத் தேவையில்லாமல் போயிற்று. உப்பு நின்றது. நான் சொன்னபடி அம்மா தண்ணீரைத் தேக்கினாள். நல்ல மழையும் பெய்தது. தை பிறக்கும்முன் மரம் செம்பு நிறத்தில் துளிர்த்தது.

பார்க்க வந்தவர்களை எல்லாம் அம்மா மரத்தடிக்கே கூட்டிப்போனாள். "அவ போனா, இது துளிர்த்துருச்சு. நானா சொல்லல. எம்மவதான் மண்ணைக் காலேஜுல சோதிச்சுப் பாத்துச் சொன்னா."